படித்ததாகக் கருதப்படும்

என் மனைவி எழுதிய இரண்டு கட்டுரைகள் யாரும் படிக்காமலேயே படிக்கப்பட்டிருக்கின்றன. அது எப்படி என்று கேட்பவர்கள், தமிழாசிரியர்கள் கூடும் கருத்தரங்குக்கு ஒருமுறை வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவள் தளி சாலையில் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் தமிழ் எடுக்கிறாள். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். கர்நாடக எல்லையைத் தாண்டி பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. வண்டி பிரேக்குக்கான பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். இலக்கியம் எனக்குத் தெரியாது. சாமி பாட்டு நாலைந்து மனப்பாடம். அதற்கும் அர்த்தம் கேட்டால் டீச்சரைத்தான் கைகாட்டுவேன். வீட்டில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கோபமாக இருந்தால் மட்டும் அந்தப் பேருக்குத் திரும்ப மாட்டாள்.

வருஷத்துக்கு ஒரு நாள் மாவட்டத்துத் தமிழாசிரியர்கள் எல்லாம் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என் வேலை. நடுவில் வீட்டுக்குப் போய் வருவது பெட்ரோலுக்குக் கேடு என்று நானும் உள்ளேயே உட்கார்ந்துவிடுவேன். அப்படித்தான் இந்தக் கருத்தரங்கு எனக்குப் பழக்கமானது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. மேடையில் ஒன்பது பேர் உட்காருவார்கள். பேச எழுகிற ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரையும் பட்டம் பதவியோடு ஒருவர் பின் ஒருவராக விளிக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அவர் முகம் மதியம் வரை சுருங்கியே இருக்கும். விளித்து முடித்ததும், "நேரமின்மை காரணமாக என் உரையைச் சுருக்கிக் கொள்கிறேன்" என்று ஆரம்பித்து நீட்டுவார்கள். பிறகு பொன்னாடை. ஒன்பது பேர் ஒன்பது பேருக்குப் போர்த்துவார்கள். போர்த்தியவருக்கு வேறொருவர் போர்த்துவார். அதற்குள் சாம்பார் வாசனை வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு ஆன் டூட்டி சான்றிதழ் கொடுப்பார்கள். அன்று பள்ளிக்கு வராமல் கருத்தரங்குக்குத்தான் போனார் என்பதற்கு அத்தாட்சி அந்தக் காகிதம். அது கைக்கு வந்ததும் பாதி மண்டபம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும்.

கட்டுரை வாசிப்பு இதற்கெல்லாம் பின்னால். அழைப்பிதழில் பொடி எழுத்தில் ஏழு பேர் அச்சாகியிருக்கும். நாலு மணிக்குச் செயலாளர் எழுந்து மைக்கில் சொல்வார்:

"காலம் கருதி, மீதமுள்ள கட்டுரைகள் அனைத்தும் படித்ததாகக் கருதப்படும்."

எல்லோரும் கைதட்டுவார்கள்.

முதல் வருஷம் இதைக் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது பயந்துவிட்டேன். ஒரு பெட்டி பாகத்தை அளக்காமல், 'அளந்ததாகக் கருதப்படும்' என்று நான் பச்சைச் சீட்டு ஒட்டினால், எங்கேயோ ஒரு கணவாய் இறக்கத்தில் ஒரு லாரிக்காரன் கதை முடிந்துவிடும். அன்று வீட்டுக்கு வரும் வழியில் பின்சீட்டிலிருந்த அவளிடம் இதைச் சொன்னேன். இரண்டாம் வருஷமும் அதே கதை. அவள் ஆறு வாரம் உட்கார்ந்து எழுதியது. முதல் பத்தியை மட்டுமாவது படிக்கிறேன் என்று கேட்டாளாம். "அதான் தொகுப்புல வரப்போகுதேம்மா" என்றாராம் செயலாளர். தொகுப்பும் வந்ததாகக் கருத வேண்டியதுதான்.

மூன்றாவது வருஷ அழைப்பிதழ் வந்தது. ஏழு பேரில் அவள் பேர் ஏழாவது. கட்டுரையைக் கையால் எழுதி, தட்டச்சு செய்து, நீல ஃபைலில் கோத்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தத் தடவையும் படிக்க விடலைன்னா இதோட சரிங்க. இனிமே எழுத மாட்டேன். பாடத்தை நடத்துனோமா, பேப்பரைத் திருத்துனோமான்னு இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். அவள் எழுதும் நாட்களில் வீட்டுக்கே ஒரு வெளிச்சம் வரும். குழம்பில் உப்பு இருக்காது, ஆனால் அவளே பாடிக்கொண்டு திரிவாள். அது போய்விடும் என்பதுதான் எனக்குப் பயம்.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான். கருத்தரங்கு ஒரு திங்கட்கிழமை வந்தது. ஈஸ்வரனுக்கு உகந்த நாள், எனக்கும் அன்று விடுப்பு. விடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, மலைக்கோயில் ஏறி, "சாமி, இன்னிக்கு அவ வாயால அந்தக் கட்டுரைய முழுசாப் படிச்சுட்டான்னா உனக்கு மொட்டை அடிச்சுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் தலையில் இருப்பது சாமி ஆசைப்படுகிற அளவுக்கு இல்லைதான். இருப்பதைத்தானே கொடுக்க முடியும்.

திரும்பி வந்து அதே வேட்டியோடு, நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு அவளை மண்டபத்தில் இறக்கிவிட்டேன். அவள் பேர் பதியப் போனாள். நான் வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டுப் பார்த்தால், ஃபைல் வண்டியின் முன்பக்கப் பையிலேயே இருக்கிறது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வாசலில் வரவேற்புக் குழு. சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு சகிதம் இளம் ஆசிரியர்கள் நாலு பேர். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் பெங்களூரிலிருந்து வரவேண்டிய ஒரு பெரிய அறிஞர். பத்து மணிக்கு வரவேண்டியவர் பத்தரை ஆகியும் வரவில்லை. போன் போகவில்லை. அவர் முகத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நாலு பேரும் ஒரே சமயத்தில் என் காலைத் தொட்டது மட்டும்தான்.

"ஐயா, வாங்கய்யா. வழியில டிராபிக்குங்களா?"

"டிராபிக் எப்பவும் இருக்கறதுதானுங்களே" என்றேன்.

"பெங்களூர் பக்கம் வேற ஒரே கூட்டமாம்யா."

"ஆமாங்க, தெனம் பாக்கறேனே."

போதும். கழுத்தில் மாலை விழுந்தது. உங்கள் பேர் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு அறிஞரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பது அவமரியாதை. மரியாதை தெரிந்த கூட்டம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளாத குறையாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். "இல்லைங்க, நான் வந்து..." என்றேன். "வாங்கய்யா, வாங்கய்யா" என்றார்கள்.

முந்தின நாள் அந்த மண்டபத்தில் கல்யாணம். மணமக்கள் உட்காரும் சிவப்பு மெத்தைச் சிம்மாசனம் இரண்டும் மேடையிலேயே இருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பெண் நாற்காலியில் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர்.

நாலாவது வரிசையில் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூட மறந்து, தண்ணீர் புடவையில் வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் செய்தி வந்து என் போன் நடுங்கியது.

"என்ன பண்றீங்க அங்க?"

"உட்கார வெச்சுட்டாங்க."

"எறங்குங்க."

"எறங்க விடமாட்டேங்கறாங்க."

"ஃபைல் எங்க?"

"எம் மடியில."

அதற்குப் பதிலாக ஒரு பொம்மை மட்டும் வந்தது. சிவந்த முகம், காதில் புகை.

பொன்னாடை போர்த்தினார்கள். பங்குனி வெயிலில் அந்த நைலான் துணிக்குள் நான் இட்லிபோல வெந்தேன். மற்ற எட்டுப் பேரும் என்னை விளித்தார்கள். "தமிழுக்கே தன் வாழ்வை ஈந்த" என்றார் ஒருவர். நான் பிரேக்குக்கு ஈந்தவன். ஈஸ்வரா, நான் கேட்டது ஒன்று, நீ கொடுத்தது ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். "ஐயா தியானத்துல இருக்காங்க" என்று பக்கத்தில் யாரோ சொன்னது கேட்டது.

பதினொன்றரைக்குச் சிறப்புரை என்று அறிவித்து மைக்கை என் முன்னால் வைத்துவிட்டார்கள். எழுந்தேன். மடியிலிருந்த ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். விபூதி பூசிக்கொண்டு பொய் சொல்லக் கூடாது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நீங்க நெனைக்கற ஆளு நான் இல்லைங்க."

கைதட்டல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நெசமாத்தாங்க. நான் படிக்காதவன். பத்தாவதுதான். எனக்கு இலக்கியம் ஒண்ணும் தெரியாதுங்க."

இப்போது மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு வயதான ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பாத்தீங்களா அவையடக்கத்தை! இதுதாங்க புலமை."

அந்தக் காலத்துப் புலவர்கள் நூலைத் தொடங்கும்போது, எனக்கு ஒன்றும் தெரியாது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் தொடங்குவார்களாம். அவையடக்கம் என்பது அதுதான் என்று என் மனைவி பிறகு விளக்கினாள். இவர்கள் ஆயுள் முழுக்க அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். எதிரே ஒருவன் எழுந்து எனக்கு எதுவும் தெரியாது என்றால் அவனைப் பெரிய மேதை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நிஜமாகவே தெரியாதவன் அதை எப்படித்தான் சொல்வது? வேறு எந்தக் கூட்டத்திலாவது இந்நேரம் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள்.

மூன்றாவது தடவையும் சொல்லியிருக்கலாம். கம்பெனி பேரைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டியிருக்கலாம். அது பர்சில்தான் இருந்தது. சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். கையிலிருந்த நீல ஃபைலைப் பார்த்தேன். வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஆனா ராத்திரி பகலா எழுதி எடுத்துட்டு வந்து, படிக்கறதுக்குக் காத்துக்கெடக்கறவங்க இங்க இருக்காங்க. மொதல்ல அவங்க படிக்கட்டும். கடைசிப் பேர்ல இருந்து ஆரம்பிங்க. நான் கேட்டுக்கறேன்."

செயலாளர் முகத்தில் ஈ ஆடவில்லை. நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். சிறப்பு விருந்தினர் சொல்லி மறுக்க முடியுமா? அவள் பேரை வாசித்தார்.

அவள் மேடைக்கு வந்தாள். மைக்கிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். கட்டுரை என்னிடம்தானே இருக்கிறது. ஃபைலை நீட்டினேன். வாங்கிக்கொண்டே, உதடு அசையாமல், "வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்றாள். கூட்டத்துக்கு அவள் என்னிடம் ஆசி வாங்குவதுபோல் இருந்திருக்கிறது. அதற்கும் கைதட்டினார்கள்.

"மேடையில இருக்கறவங்களுக்கும் எதுத்தாப்புல இருக்கறவங்களுக்கும் வணக்கம்" என்று ஒரே வரியில் ஒன்பது பேரையும் முடித்தாள். முன்வரிசை கொஞ்சம் ஆடிப்போனது. பிறகு படிக்க ஆரம்பித்தாள்.

அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், கொஞ்சம் பேர் கன்னடம். மீதிப் பேருக்கு அப்பா மதுரைப் பக்கமிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ சிப்காட் வேலைக்கு வந்தவர். ஒரு செய்யுள் நடத்தினால், அதை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்வாள், பிறகு தமிழில். அதைப் பற்றித்தான் கட்டுரை. ஒரு ராஜாவைப் புகழும் பழைய பாட்டு. அவனுடைய யானைப்படை எதிரி நாட்டு வயல்களை மிதித்துத் துவைக்கிறது. என்ன வீரம், என்ன உவமை என்று இவள் நடத்தி முடித்தபோது, காட்டோரத்து ஜவளகிரியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பெண் எழுந்தாளாம். தெலுங்கில் கடகடவென்று ஏதோ சொன்னாளாம். தமிழில் சொல்லும்மா என்றதும் சொன்னது: "டீச்சர், போன வாரம் எங்க ராகிக் காட்டுல ஆனை எறங்கிடுச்சு. ஒண்ணும் மிச்சமில்ல. எங்கப்பா வரப்புல உக்காந்து அழுதாரு. இந்தப் பாட்டுல ராஜாவத்தான் புகழறாங்க. அந்த வயலு யாருது டீச்சர்?"

மண்டபத்தில் முதலில் சிரிப்பு. பிறகு சிரிப்பு அப்படியே அடங்கியது. மூன்று வருஷத்தில் அங்கே அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் சலசலப்பு. சட்டை, பேன்ட், தோளில் லேப்டாப் பை என்று ஒருவர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அத்திப்பள்ளி டோல்கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றேன், போனில் சார்ஜ் இல்லை என்று வரவேற்புக் குழுவிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவன் அவரைப் பார்த்தான், மேடையில் என்னைப் பார்த்தான், பன்னீர்ச் செம்பைக் கீழே போட்டான். விஷயம் வரிசை வரிசையாக முன்னால் ஓடி வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. விருந்தினர் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். செயலாளர் மைக்கைப் பிடிக்கப் பாய்ந்தார். ஈஸ்வரா, மூணு பக்கம் மிச்சம் இருக்கிறதே என்று மனசுக்குள் கூப்பிட்டேன்.

அவள் தலையைத் தூக்கினாள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சு வரை போகிற குரல் அவளுக்கு. மைக் வேறு.

"எல்லாம் உக்காருங்க! இன்னும் முடிக்கல!"

டொம்மென்று மண்டபம் உட்கார்ந்தது. செயலாளர் உட்கார்ந்தார். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன், இருந்தும் இன்னொரு தடவை உட்கார்ந்தேன். வந்த அறிஞர் நடைபாதையில் நின்றவர், பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தார். மீதி மூன்று பக்கத்தையும் அவள் நிதானமாகப் படித்தாள். கடைசி வரியைப் படித்து, ஃபைலை மூடி, "நன்றி" என்றாள்.

நான் இறங்கினேன். மாலையையும் பொன்னாடையையும் கழற்றிச் செயலாளர் கையில் கொடுத்தேன். என் விபூதியும் வியர்வையும் ஒட்டியிருந்த அதே துணியை உதறி அறிஞருக்குப் போர்த்தினார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். காலையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

"இப்பப் படிச்சாங்களே, அவங்க வீட்டுக்காரருங்க."

"ஓ" என்றார். "நல்லாப் படிச்சாங்க. உக்காரச் சொன்னது இன்னும் நல்லா இருந்துச்சு."

பிறகு அவர் பேசினார், பேசினார், சாப்பாடு ஆறும் வரை பேசினார். நாலு மணிக்குச் செயலாளர் எழுந்தார். மற்ற ஆறு கட்டுரைகளும் படித்ததாகக் கருதப்பட்டன.

அந்த வாரமே மலையேறி மொட்டை போட்டேன். கருதப்படும் என்றெல்லாம் சாமியிடம் சொல்ல முடியாது, நிஜக் கத்திதான். சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் படிக்கட்டில் காத்திருந்தாள். கருத்தரங்கு அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. திருட்டுத்தனமாக மேடை ஏறி இடம் பிடித்துக் கொடுத்தீர்கள், ஊர் என்ன பேசும் என்று கோபம். மண்டையைத் தடவிப் பார்த்து அன்றுதான் சிரித்தாள்.

"அதென்னங்க, எனக்கு மட்டும் வேண்டிக்கிட்டீங்க?"

"வேற யாருக்கு வேண்டிக்கறது டீச்சர்?"

"அந்த ஆறு பேருக்கும் யாரு மொட்டை அடிப்பாங்க?"

அன்று மண்டபத்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒரு இளம் வாத்தியார் ஞாபகம் வந்தார். பட்டியலில் முதல் பேர் அவருடையது. கடைசியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னவன் நான்.

அவளே போன் போட்டாள், ஆறு பேருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள். நாலு பேர் வந்தார்கள். ஷாமியானா கட்டவில்லை, பழைய போர்வையை நாலு மூலையில் கட்டினேன். பொன்னாடை இல்லை, சான்றிதழ் இல்லை. சுண்டல் மட்டும் உண்டு. அந்த இளம் வாத்தியார்தான் முதலில். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமி ஆரம்பித்தார்:

"இந்த இனிய அவையின் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சான்றோர் பெருமக்களே..." சுற்றிப் பார்த்தார். சுண்டல் தட்டோடு நான் ஒருவன்தான் நின்றிருந்தேன். "சிறப்பு விருந்தினராக வருகை தந்திருக்கும் ஐயா அவர்களே..."

"சார், சுண்டல் ஆறிடும்" என்றாள் என் மனைவி. "நேரா கட்டுரைக்கு வாங்க."

வந்தார். கடைசிப் பக்கம் வரை படித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் கேட்டேன். பச்சைச் சீட்டு ஒட்டலாம்.